இடியாப்ப மிதி

எங்கள் வீட்டில் காலைக் கோப்பி கலக்குவது மருமகள் கண்மணிதான். வழக்கு நடந்த அன்று மட்டும் நான் கலக்கினேன். கந்தப்பு அவர்களே, எங்கள் வக்கீல் என்ற முறையில் நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

காலால் மிதித்து இடியாப்பம் பிழியும் இயந்திரத்தை பஃபலோ ரோட்டிலுள்ள எங்கள் பட்டறையில் செய்தவள் கண்மணி. 1961இல் லண்டனுக்கு அனுப்பக் காப்புரிமை விண்ணப்பம் வந்தது. கண்டுபிடித்தவர் பெயர் கேட்டிருந்தார்கள். மூன்று தலைமுறையாக எங்கள் பெயர்ப்பலகையில் ஆண்கள் பெயர்தான். கோவிந்தசாமி என்று என் பெயரை எழுதினேன். கையெழுத்து அழகாக வந்தது.

இரண்டு ஆண்டு கழித்து, ராபிள்ஸ் பிளேசில் ஏழு மாடி வைத்திருக்கும் கம்பெனி அதே இயந்திரத்துக்குச் சிவப்பு வண்ணம் பூசி விற்றது. வழக்குப் போட்டோம். தோற்றால் பட்டறை போய்விடும். நீங்கள் கண்மணியைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றீர்கள்.

"மிசினை ஓட்டிக் காட்ட அவவாலதான் ஏலும், ஐயா."

அதுதான் ஆபத்து. சத்தியம் செய்துவிட்டால் அவள் பொய் சொல்ல மாட்டாள். நல்ல பெண்தான், அந்த ஒரு குறை உண்டு.

பேதி மாத்திரை டப்பாவில் ஒன்று போதும் என்று போட்டிருந்தது. குடும்ப மானத்தில் நான் சிக்கனம் பார்ப்பதில்லை. நான்கு போட்டேன்.

"மாமா, நீங்களா கலக்கினீங்க?" என்று கேட்டவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு லா" என்று ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

நீதிமன்றத்தில் கம்பெனி வக்கீல் இயந்திரத்தை நான்கு துண்டாகக் கழற்றி என்னிடம் கொடுத்து, மறுபடி பூட்டி ஓட்டச் சொன்னார். பூட்டினேன். மிதித்தேன். மாவு மேல்நோக்கி வந்தது. யார் கண்டுபிடித்தது என்று நீதிபதி மறுபடி கேட்டார். நான்தான் என்று நிதானமாகச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மாவைத் துடைத்துக்கொண்டார்.

கண்டுபிடிக்காதவன் பெயரில் காப்புரிமை செல்லாதாம். பட்டறை போனது. ஆனால், எங்கள் வீட்டுப் பெண் கூண்டில் ஏறவில்லை.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள், காய்ச்சல் அட்டையின் பின்பக்கம் வேறோர் இயந்திரம் வரைந்திருக்கிறாள். தேங்காய் துருவுவது. அதைக் கொண்டு பட்டறையை மீட்டுவிடலாம் என்கிறாள். புது விண்ணப்பம் நேற்று வந்தது. உடம்பு இன்னும் தேறாதவளுக்கு எதற்குச் சிரமம் என்று, பெயரை நானே எழுதிவிட்டேன்.