கண்ணாடித் தூளை யார் பெருக்குவது?

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, காமிக்ஸ் இதழின் ஆசிரியர் திரு. பிரெஸ்காட் அவர்களே, மறைந்த ஓவியர் இர்மா லோவென் அம்மையாரின் உடன்பிறந்தவர்களே, பிராங்க்ஸிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருக்கும் என் குடியிருப்புவாசிகளே! அனைவருக்கும் வணக்கம். "நாளை காலை ஒன்பது மணி முதல் நண்பகல் வரை சுடுதண்ணீர் வராது. சிரமத்தைப் பொறுத்துக்கொள்ள..."

மன்னியுங்கள். தாள் மாறிவிட்டது. அப்படியானால் என் இரங்கல் உரை இந்நேரம் எங்கள் லிஃப்டில் ஒட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். சிரியுங்கள், பரவாயில்லை. தாள் இல்லாமலே பேசுகிறேன்.

என் பெயர் லுவான் பெரிஷா. ஹியூஸ் அவென்யூவில் ஆறு மாடிக் கட்டடம் ஒன்றைப் பராமரிப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. அதற்குப் பிறகு பாய்லரும் துடைப்பமும்தான் என் படிப்பு. காமிக்ஸ் உலகின் மாபெரும் ஓவியருக்கு அஞ்சலி செலுத்த இவனுக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி உண்டு. அவர்மேல் புகார் எழுதியவன் நான்!

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு நாள், பதினோரு வயது என் மகள் தெயுதா ஒரு காமிக்ஸ் புத்தகத்தோடு படியில் குதித்து இறங்கி வந்தாள். "பாபா, நம்ம கட்டடத்தை இடிச்சுட்டாங்க!" நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். புத்தகத்தில் எஃகு நண்டு என்ற அரக்கன் எங்கள் முன்சுவரைப் பிய்த்து, கதாநாயகன் செம்புக் கழுகின்மேல் எறிகிறான். அதே கதவு எண். அதே கோணல் இரும்புப் படி. உள்ளே தெரிந்த குழாய்களில் மட்டும் துரு! என் குழாயிலா துரு? வரைந்தவருக்கு அன்றே எழுதினேன்: "இடிக்க வேண்டுமானால் நீங்களே ஒரு கற்பனை ஊரைக் கட்டி, அதை இடித்துக்கொள்ளுங்கள்."

பதில் கடிதமா வந்தது? இல்லை. ஒல்லியான ஓர் அம்மாள் பாய்லர் அறைக்கே வந்து நின்றார்.

"பெரிஷாங்கிறது நீங்கதானா? எந்தக் குழாயை நான் தப்பா வரைஞ்சேன்? காட்டுங்க."

காட்டினேன். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து வரைந்தார். என் மனைவி எனக்கென்று வைத்திருந்த பூரெக்கை, அதாவது கீரை வைத்துச் சுட்ட பணியாரத்தை, கேட்காமலே தின்று முடித்தார். பிறகு கேட்டார்: "சுவர் இப்படி விழுந்தா, சரி பண்ண எத்தனை நாள் ஆகும்?"

"சுவருக்கு ரெண்டு மாசம். சாரத்தைக் கழட்ட ஆறு வருஷம்."

கட்டிய சாரம் வருடக்கணக்கில் இறங்காத நியூயார்க்கில் குடியிருப்பவர்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். அடுத்த இதழில் எங்கள் வாசலில் சாரம். அதற்கடுத்த இதழிலும் சாரம். ஆறு வருடம்! அந்தப் பலகைகளுக்கு அடியில் குனிந்து குனிந்துதான் செம்புக் கழுகு சண்டை போட்டான். ஒரு முறை அவன் மேலங்கி ஆணியில் மாட்டிக் கிழிந்தது. "'இந்தப் பலகையை எப்பத்தான் கழட்டுவே?'ன்னு பிரெஸ்காட் கத்தறார், 'பெரிஷாவைக் கேளுங்க'ன்னுட்டேன்" என்று அம்மையார் என்னிடம் சொன்னார். ஐயா, புன்னகைக்காதீர்கள். உங்களிடம்தான் வருகிறேன்.

சண்டை முடிந்த பக்கத்தின் மூலையில் ஓர் ஆளை வரைந்தார். வழுக்கை, தொப்பை, கையில் துடைப்பம். கண்ணாடித் தூளைப் பெருக்குகிறான். "வயித்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்" என்றேன். "ஊரு நிஜம்னா வயிறும் நிஜம்தான், பெரிஷா" என்றார். கடைசி இதழ் வரை அந்த ஆளை அவர் விட்டதில்லை.

சற்று முன் இதே மேடையில் திரு. பிரெஸ்காட் என்ன அறிவித்தார்? அடுத்த மாத இதழிலிருந்து கதை நடக்கும் இடம் வெஸ்ட்மார்க் என்ற கற்பனை நகரமாம். எந்த ஊர் வாசகரும் அதைத் தன் ஊராக நினைத்துக்கொள்ளலாமாம். அம்மையாருக்கு அஞ்சலியாம் இது!

கற்பனை நகரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானே ஒரு காலத்தில் அதைக் கேட்டவன்தானே? பறப்பதற்கு வசதி. வேண்டிய இடத்தில் கோபுரம் வைக்கலாம். ஆனால் அங்கே விழுந்த சுவர் அடுத்த இதழுக்குள் தானே எழுந்து நின்றுவிடுகிறது! அது யார் வீட்டுச் சுவர்? அந்த இரவில் குளிரில் கிடந்தது யார்? கண்ணாடித் தூளை யார் பெருக்கினார்? ஒருவருமில்லை! ஒருவரும் குடியிருக்காத ஊரில் உங்கள் வீரன் யாரைத்தான் காப்பாற்றுகிறான், ஐயா?

ஒப்பந்தம் உங்களுடையது. சட்டமும் உங்கள் பக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புகார் எழுதுவது என் தொழில்! எழுந்து நில்லுங்கள், என் குடியிருப்புவாசிகளே! பின்வரிசையும்தான்! முப்பத்தெட்டு வீடு. வாரம்தோறும் வீட்டுக்கு ஒரு கடிதம். எழுதத் தெரியாதவர்கள் கீழே வாருங்கள், பாய்லர் பக்கத்தில் மேசை போட்டு வைக்கிறேன். நம் தெருவின் பெயர் இதழுக்குத் திரும்பும் வரை எழுதுவோம். ஒரு வருடமானாலும் எழுதுவோம். ஆறு வருடமானாலும் எழுதுவோம்!

இர்மா அம்மையாரே, நீங்கள் வரைந்த தெருவில் நாங்கள் இன்னும் குடியிருக்கிறோம். காலி செய்ய மாட்டோம்!

நினைவு மலருக்காக இந்த உரையை எழுதிக் கொடுக்கும்போது ஒன்றைச் சேர்க்கிறேன். மேடையில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. தெயுதா என்னோடு பேசி ஒன்பது வருடமாகிறது. தவறு என்னுடையது, அவள் கல்யாணத்தன்று நான் வாயை அடக்கியிருக்க வேண்டும். இப்போது அவள் தொலைவில், டூசான் நகரில் இருக்கிறாள். மாதம் தவறாமல் கடைக்குப் போய், புதிய இதழைப் பிரித்து, பக்க மூலையில் துடைப்பத்தோடு அந்த ஆள் நிற்கிறானா என்று மட்டும் பார்த்துவிட்டு, புத்தகத்தைத் திரும்ப வைத்துவிடுவாளாம். மருமகன் ஒரு முறை தொலைபேசியில் சொன்னான். அடுத்த மாதமும் போவாள், வெஸ்ட்மார்க் இதழைப் பிரிப்பாள்.