சொல்தா வீட்டு டிராம்போன்

கரண்ட் வருகிற வரைக்கும் சொல்கிறேன். பயந்தவர்கள் சுவரோரமாகத் தள்ளி உட்காருங்கள். இப்போதுதான் சாப்பிட்டவர்கள்... அது உங்கள் பாடு.

ஞாயிற்றுக்கிழமை. உச்சி வேளை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குள் போகும் சாலை. கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு நாய்கூட இல்லை. அந்த வெயிலில் ஒருத்தி மட்டும் ஸ்கூட்டியில் போனாள். முதுகில் நீளமான கறுப்புப் பெட்டி.

நம் மதிவாணனின் கொழுந்தியாள்தான் அவள். பெயர் கவிநிலா. பள்ளிக்கூடத்து பேண்டில் டிராம்போன், அந்த நீளமான பித்தளைக் குழல், ஊதக் கற்றவள். அதன் பிறகு கல்யாண ஊர்வலம், சிலை திறப்பு, கட்சிக் கூட்டம் என்று வெயிலில் நின்றே ஊதிக்கொண்டிருந்தாள். முதல்முறையாக மேடையில், நாற்காலியில் உட்கார்ந்து ஊத அவளுக்கு அழைப்பு வந்திருந்தது. பிரான்சிலிருந்து பாடகர்கள் வந்து நடத்தும் ஓபரா.

அதில் ஒரு காட்சி. செத்துப்போன தகப்பன் மண்ணுக்குள்ளிருந்து மகளைக் கூப்பிடுவான். அவன் குரல் எழும் முன்னால் டிராம்போன் தனியாக ஊத வேண்டும். அடி ஆழத்தில், மெதுவாக, ஒரே மூச்சில். நடுவில் மூச்சு வாங்கினால் கெட்டது.

"முடியலன்னா இப்பவே சொல்லிடும்மா. கீபோர்டுல வாசிச்சுக்குறோம்" என்றார் புருஷோத்தமன். உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சேர்ப்பது அவர்தான்.

"முடியும் சார். ஆனா என்னோடதுல அவ்ளோ கீழ போகாது. பெரிய டிராம்போன் வேணும்."

"சொல்தா கிருஷ்ணசாமியோடது இருக்கு. பிரெஞ்சு பட்டாளத்துல சொல்தாவா, அதான் சிப்பாயா, இருந்து பேண்டுல ஊதினவரு. அவருக்கு எதுக்கு இனிமே அது? வாங்கியாந்து தரேன்."

பாவம், மனிதர் போய்விட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். மேலே கேட்கவில்லை.

வீட்டில் ஊதினால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். அதனால் அக்கா புருஷன் மதிவாணனின் பிளாஸ்டிக் பட்டறைச் சாவியை வாங்கிக்கொண்டு வந்திருந்தாள்.

பட்டறைக்குள் கருகிய பிளாஸ்டிக் வாடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சொல்தாவின் கருவியை எடுத்து வாயில் வைத்தாள்.

பித்தளை வெதுவெதுப்பாக இருந்தது... யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி. கூடவே ஒரு நாற்றம். ஊறிய புகையிலை, அதற்கடியில் சீழ்.

பழைய சாமான் அப்படித்தான் இருக்கும் என்று ஊதினாள். மூச்சு முக்கால்வாசியிலேயே தீர்ந்தது. மறுபடி ஊதினாள். அதே இடம்.

ஊதுகிற குழாயில் ஈரம் சேரும், தெரியும் இல்லையா? அதை வடிக்க அடியில் ஒரு சின்ன ஓட்டை, அதற்கொரு மூடி. வழக்கமாக வருவது தெளிந்த தண்ணீர். மூடியைத் திறந்தாள்.

சொட்டவில்லை. தொங்கியது.

மஞ்சளும் பழுப்புமாகக் கோழை. அறுபடாமல் நீண்டு இறங்கி, தரையில் சுருண்டு உட்கார்ந்தது. நடுவில் ரத்த நூல். அவள் ஊதியது கொஞ்ச நேரம். வந்ததோ ஒரு டம்ளர் இருக்கும். எங்கிருந்தோ ஈக்கள் வந்து மொய்த்தன.

கவிநிலா வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

வெந்நீர், சோப்பு, எலுமிச்சை... எல்லாம் போட்டுக் கழுவினாள். கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டுத் தேய்த்தாள். துணி வெள்ளையாக வந்தது. மறுநாள் மூடியைத் திறந்தாள். மறுபடி அதே கோழை. அதே சூடு.

தினமும் பட்டறை ஆட்கள் போன பிறகு வந்து வடிப்பாள், ஊதுவாள், முக்கால்வாசியில் மூச்சு நிற்கும். ஒருநாள் அருவருப்பு தாங்காமல் மூடியைத் தொடவே இல்லை. அப்படியே ஊதினாள். குழாய்க்குள் களகளவென்று சத்தம். மூச்சு தீர்ந்தது. நெஞ்சு காலி.

ஆனால் சத்தம் நிற்கவில்லை.

அவளுடைய உதட்டிலேயே, அவளுடைய மூச்சு இல்லாமல், பாட்டு கடைசிவரை போய் அழகாக முடிந்தது. அவள் வாழ்நாளில் அப்படி ஊதியதில்லை. ஊதியது அவள் இல்லை.

அன்று இரவு சோற்றில் கை வைக்க முடியவில்லை. "முடியாதுன்னு சொல்லிடேண்டி" என்றாள் அக்கா இனியா. கவிநிலா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கீபோர்டில் வாசிக்க விட்டுவிட்டு மறுபடி ஊர்வலத்தில் போய் நிற்பதா? அது மட்டும் முடியாது.

நிகழ்ச்சியன்று சாயங்காலம் அவள் மூடியைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

அரங்கு நிறைந்திருந்தது. விளக்கு மங்கியது. கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். முக்கால்வாசியில் மூச்சு முடிந்தது. சத்தம் தொடர்ந்தது. கூடவே, வாய் வைத்து ஊதுகிற மவுத்பீஸுக்குள் ஏதோ அசைந்தது. மெத்தென்று, ஈரமாக, ஓரமெல்லாம் மீசை குத்த... ஓர் உதடு. உள்ளேயிருந்து அவள் உதட்டோடு ஒட்டிக்கொண்டது. வாயை எடுத்தால் பாட்டு அறுந்துவிடும். எடுக்கவில்லை.

கடைசி சுரம் முடிகிறபோது அந்த வாய் திறந்தது. சூடாக, கொழகொழவென்று, அவள் வாய் நிறைந்தது.

ஆயிரம் பேர் முன்னால் எங்கே துப்புவது?

விழுங்கினாள்.

கைதட்டல் அடங்கவே இல்லை. புருஷோத்தமன் கண் கலங்கக் கும்பிட்டார்.

விடிந்ததும் முதல் வேலையாகக் குருசுக்குப்பத்தில் இருக்கும் சொல்தா வீட்டுக்குப் போனாள். அந்தச் சனியனைக் கொடுத்துவிட்டு வந்தால் போதும். கதவைத் திறந்தது சொல்தாவின் மனைவி வசந்தா. முகமெல்லாம் சிரிப்பு.

"வாம்மா. உன் கை ராசி, எங்க மெசியே, அதான் எங்க வீட்டுக்காரரு, நேத்துலேருந்து நல்லா இருக்காரு."

கவிநிலாவுக்குப் புரியவில்லை. "அவரு... இருக்காரா?"

"தொண்டைய ஆப்பரேசன் பண்ணி ஓட்டை போட்டிருக்காங்க. பேச்சு கெடையாது. பொழுதன்னிக்கும் கோழைய உறிஞ்சி எடுக்கணும், நாத்தம் கொடல பொரட்டும். நேத்து சாயங்காலம் திடீர்னு நின்னுபோச்சு. மிஷின் போட்டா வெறும் காத்துதான் வருது. அவ்ளோவும் எங்கதான் போச்சோ!"

கவிநிலா முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள். விடாமல் துடைத்தாள்.

"உள்ள வந்து பாரேன். அவரு அத வாயில வச்சு ஏழு வருஷம் ஆச்சு, பாத்தா சந்தோசப்படுவாரு."

உள்ளே கட்டிலில் கிழவர் சாய்ந்திருந்தார். தொண்டை ஓட்டையில் வலைத்துணி. நரைத்த மீசை. அவளைப் பார்த்ததும் ரொம்ப நாள் பழகியவர் மாதிரி சிரித்தார்.

அவர் உதட்டைச் சுற்றி, மவுத்பீஸ் பதிந்த வட்டம். சிவக்கச் சிவக்க. இன்னும் ஈரமாக.