பால் தொட்டியும் அஞ்சம்மாளின் கருவாடும்

இந்த வாயிற்கூட்டத்துக்குத் தலைமை தாங்கும், தொண்டை கட்டினாலும் கொண்ட கொள்கை தளராத சங்கத் தலைவர் அண்ணன் சடையப்பன் அவர்களே! மீஞ்சூர் ரயிலில் தொங்கியபடி கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்த தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு அணி திரண்டு வந்த அன்னையரே! எங்கள் பட்டறையின் எண்ணெய்த் தொட்டியில் வாடகையின்றி வாழும் கிருமிப் பெருமக்களே! அனைவருக்கும் வணக்கம்!

சிரிக்காதீர்கள். ஞாயிறன்று நமக்கு விடுப்பு, அவர்களுக்கு உண்டா? எந்திரம் ஓய்ந்தால்தான் அவர்களுக்கு ஏகபோகம்! எண்ணெயைத் தின்று, கொழுப்பைத் தின்று, குட்டி போட்டு, பேரன் பேத்தி எடுத்து, திங்கட்கிழமை நம்மை மூக்கைப் பிடிக்க வைக்கும் முழுநேர ஊழியர்கள் அவர்கள்.

இரும்பைக் கடையும்போது சூடேறாதிருக்க எண்ணெயைத் தண்ணீரில் கலந்து ஊற்றுகிறோம். வெள்ளை வெளேரென்று இருப்பதால் நாம் அதற்கு வைத்த பெயர் பால். வந்தது ஆயுதபூஜை. சாமிக்குப் படைத்த பால் ஒரு குடம் மிஞ்சியது. கால் படுகிற இடத்தில் கொட்டலாமா? மேற்பார்வையாளர் ராமஸ்வாமி ஐயா கை நீட்டினார்: "அதான் பால் தொட்டி இருக்கே, அதுல ஊத்துங்கோ!" ஊற்றினோம். பூட்டினோம். போனோம்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால், அழுகிய முட்டை நாற்றம்! பழி யார்மேல்? கூட்டிப் பெருக்கும் அஞ்சம்மாள்மேல்! அவர் சோற்று டப்பாவில் கருவாடாம். அன்றே வேலையை விட்டு அனுப்பினார் ஐயா. அந்த அம்மா கேட்டார்: "இன்னா சார், என் டப்பாவையே மோந்துகினு கீறியே, உன் தொட்டிய ஒருக்கா மோந்து பாரேன்!"

பார்த்தாரா? யாரது அங்கே, 'அவருக்கு ஜலதோஷம்' என்பது? சபாஷ்!

அடுத்த திங்கட்கிழமை அஞ்சம்மாள் இல்லை, கருவாடு இல்லை. நாற்றம் மட்டும் நேரம் தவறாமல் வேலைக்கு வந்தது! எண்ணெய் விற்க வந்தவர் தொட்டியைத் திறந்தார். "கொழுப்புல வளர்ற கிருமி சார். நீங்க வேற பாலை ஊத்தி விருந்து வெச்சிருக்கீங்க!"

மருந்து போட்டுத் தொட்டியைக் கழுவினார்கள். அஞ்சம்மாளை அழைத்தார்களா? இல்லை! பிள்ளைகளோடு அதோ வெளியே நிற்கிறார். நிர்வாகத்தாரே, தொட்டியில் இருந்த கொழுப்பை மருந்தால் கழுவினீர்களே, நாற்காலியில் ஏறிய கொழுப்பை எதால் கழுவுவீர்கள்?

நாளைக் காலை சங்கு ஊதும்போது அஞ்சம்மாள் நமக்கு முன்னே நடப்பார். கையில் டப்பா, டப்பாவில் கருவாடு! அவரை உள்ளே விட்டால் நாமும் உள்ளே. விடாவிட்டால் எந்திரங்கள் ஓயட்டும். தொட்டிக்குள் இருக்கும் தோழர்கள் மீதி வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்!

மூக்கைப் பிடிக்காமல் கேட்ட உங்களுக்கு நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.