கல்வாழையும் நித்தியகல்யாணியும்

நித்தியகல்யாணியின் மேல் எனக்கு எந்த விரோதமும் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. நல்ல செடி. வெள்ளையோ ரோஸோ, கடற்கரை மணலில்கூட வருஷம் முழுக்கப் பூக்கும். ஒரு தடவை நட்டுவிட்டு நீங்கள் பாட்டுக்கு ஊருக்குப் போய்விட்டு வரலாம். சுடுகாட்டு மல்லி என்று அதற்கு ஒரு பேர் உண்டு. நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. செடியைக் கேவலமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது.

கல்வாழை வேறு ஜாதி. அதற்குக் கூடவே ஓர் ஆள் வேண்டும். தண்ணீர் குறைந்தால் முகம் சுண்டிவிடும். எண்ணூர்ப் பக்கத்திலிருந்து அடிக்கிற காற்றில் இலை கிழியும், அதற்குத் தட்டி கட்ட வேண்டும். இவ்வளவும் செய்தால், ஆள் உயரத் தண்டில் சிவப்பாக ஒரு பூ விடும். அதைப் பார்த்தால் வயிறு நிறைந்துவிடும் எனக்கு.

திருவொற்றியூர் கம்பெனி குவார்ட்டர்ஸில் நீலமேகம் என்றால் யாருக்கும் தெரியும். டைம் ஆபீஸ் குமாஸ்தா. லேட்டாக வருகிறவன் பேருக்கு நேரே சிவப்பு மையால் கோடு போடுகிறவன். அப்படிப்பட்டவனை யாருக்குப் பிடிக்கும்? கேண்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிவிடும். என் வீட்டுக்காரி குணசுந்தரி தாய் வீட்டுக்குப் போனவள் போனவள்தான். அது இந்த விவகாரத்தில் வராது, எழுத வேண்டாம். ஆனால் போன வருஷம் கல்வாழை பூத்தபோது அதே ஆட்கள் என் வாசலில் நின்று பார்த்தார்கள். "சோக்கா கீதுபா" என்று ஒருவன் சொன்னான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் மனுஷன் வாயிலிருந்து நான் கேட்ட நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

இந்த வருஷம் மேனேஜர் வீட்டு அம்மாவே காரை நிறுத்திப் பார்த்தார்கள். பங்களா கேட்டின் இரண்டு பக்கமும் என் கல்வாழையை வைக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வா, நீயே நின்று நட்டுக்கொடு என்றார்கள். குவார்ட்டர்ஸ் முழுக்க அது தெரிந்துபோயிற்று. கேண்டீனில் ஒருவன் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

தண்டபாணி பக்கத்து வீடு. பாய்லர் அறையில் வேலை. காத்திவாக்கத்து மீன்பிடிக்கிற குடும்பம், கடலை விட்டுக் கம்பெனிக்கு வந்தவன். அவன் மனைவி பச்சையம்மா இன்னமும் கூடை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போவாள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஒரே மணல் பாத்தி, வேலி கிடையாது. என் பக்கம் கல்வாழை, அவன் பக்கம் நித்தியகல்யாணி. அவன் தன் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி நான் பார்த்ததில்லை.

"இன்னா சார், செடி வளக்கிறியா, கொயந்த வளக்கிறியா? எத்தினி வாட்டி தண்ணி காட்டுவே?" என்று சிரிப்பான்.

நானும் சிரிப்பேன். அக்கம்பக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பச்சையம்மாவின் ஆடு ஒருநாள் என் கல்வாழைக் குருத்தைக் கடித்துவிட்டது. நித்தியகல்யாணியை ஆடு தொடாது, கசப்பு. ஆட்டை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு, உலக்கையால் முன்னங்கால் இரண்டையும் உடைத்தேன். வெளியே சத்தம் கேட்டு யாருக்கும் சங்கடம் வரக்கூடாது என்று அதன் வாயில் துணி கட்டியிருந்தேன். பிறகு ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டேன். லாரி ஏறிவிட்டது என்று பச்சையம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பற்றுப் போட மஞ்சள் அரைத்துக் கொடுத்தது நான்தான். "மவராசனா இரு நைனா" என்றாள்.

எரு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் செடிக்கு மீன்தான் போடுவார்கள். குடல், தலை, செதிள், மீன் கழுவின தண்ணீர், எல்லாம் வேருக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை பெயர்த்து நடுவதற்கு முன்னால் செடிக்கு நல்ல தெம்பு கொடுக்க நினைத்தேன். பச்சையம்மாவைக் கேட்டால் கொடுத்திருப்பாள். பிறகு அந்தப் பூவில் அவளுக்கும் பங்கு வந்துவிடும். அதனால் நானே சைக்கிளில் காத்திவாக்கம் போனேன். கருவாடு காயவைக்கிற களத்தில், தரையில் கிடந்த தலை, வால், தூள், அடியில் மாவு மாதிரிப் படிந்திருந்த வெள்ளைப் பொடி எல்லாவற்றையும் கூட்டி ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டேன். எலும்புத் தூள் போல இருக்கிறது, ரொம்ப நல்லது என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்டார்கள். செடிக்கு என்றேன். களத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

பாத்தி முழுக்கப் போட்டேன். தண்டபாணியின் பக்கத்துக்கும் சேர்த்துத்தான் போட்டேன், எனக்குப் பாரபட்சம் தெரியாது. பிறகு நன்றாகத் தண்ணீர் விட்டேன்.

இலை ஓரம் முதலில் பழுப்பாயிற்று. பிறகு நடு நரம்பு வரைக்கும் கருகிற்று. தண்ணீர் ஊற்ற ஊற்ற அதிகமாயிற்று. வியாழக்கிழமை பூத்தண்டுகள் மடிந்து விழுந்தன. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விழுந்த இலைகளைப் பெருக்கப் போனேன், கை வரவில்லை. பக்கத்திலேயே நித்தியகல்யாணி வாடாமல் வதங்காமல் பூத்துக்கொண்டிருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஐயா. மணல் ஒன்று, தண்ணீர் ஒன்று, காற்று ஒன்று, எரு ஒன்று. ஒன்று சாகிறது, ஒன்று சிரிக்கிறது. அப்படியானால் அங்கே ஒரு மனுஷன் கை பட்டிருக்கிறது. தன் செடியை விட்டுவிட்டு என் செடியின் வேரில் மட்டும் எதையோ ஊற்றிய கை. என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை. செத்த கிழங்கைத் தோண்டக் கடப்பாரையோடு நின்றிருந்தேன். தண்டபாணி ஷிஃப்டு முடிந்து வந்தான். என் பாத்தியைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"அய்யய்யோ, அல்லாம் பூட்ச்சே சார். ஞாயித்துக்கெயம இன்னா பண்ணுவே?" என்றான். கொஞ்சம் யோசித்தான். "வுடு சார். நம்ம செடிய நாலு வேரோட புடுங்கித் தரேன். கேட்டாண்ட அத்த வச்சுடு. அதுவும் பூதானே."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, எனக்காகத்தான், மணலைக் கையால் பறிக்க ஆரம்பித்தான். தலை குனிந்திருந்தது. அதுவும் பூதானே என்றான் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பிடரிக்கு மேலே அடித்தேன். கல்வாழைக் கிழங்கைக் கிளப்ப வேண்டிய பலம்கூட வேண்டியிருக்கவில்லை. தன் செடிகள் மேலேயே குப்புற விழுந்தான். விரல்கள் மணலைப் பிசைந்துகொண்டிருந்தன. எதையும் அரைகுறையாக விடுவது என் வழக்கமில்லை. விரல்கள் நிற்கும்வரை அடித்தேன்.

பச்சையம்மா கூடையோடு வெளியே வந்தாள். கூடை விழுந்தது. புருஷனைப் பார்த்தாள், கருகிக் கிடந்த பாத்தியைப் பார்த்தாள், என் சுவரில் காயப்போட்டிருந்த சாக்கைப் பார்த்தாள். என்னை நோக்கி ஏதோ கத்திக்கொண்டே வந்தாள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம், அந்தக் கூச்சல் நல்லதில்லை. அவளை வாயிலேயே அடித்தேன். விழுந்த பிறகும் வாய் அசைந்தது, அதனால் மறுபடியும் அங்கேயே அடித்தேன். புடவைத் தலைப்பால் முகத்தை மூடி, புருஷன் பக்கத்தில் ஒழுங்காகப் படுக்கவைத்துவிட்டு, கடப்பாரையைக் கழுவிச் சாத்திவைத்துவிட்டு, நானாகவேதான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்தேன்.

எதிர்வீட்டு வியாகுலம்மாள் உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாளாம். "பாவி, அது கருவாட்டுக் களத்துச் சாக்குடா, அத்தினியும் உப்புடா, உன் செடிய நீயேதாண்டா கொன்னே" என்று பச்சையம்மா கத்தினாளாம். இருக்கலாம். வியாகுலம்மாளுக்குக் காது கூர்மை, தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டிருக்கிறாள். நான் ஒரு கை தூரத்தில்தான் நின்றிருந்தேன். இரண்டு பேரையும் கொன்றது நான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட என் காதில் விழவில்லை. அதை முதலில் எழுதுங்கள் ஐயா, பிறகு கையெழுத்துப் போடுகிறேன்.