கரையான்சாவடி வாக்குமூலம்

"ஓடுங்கோ! பங்கருக்குள்ள இறங்குங்கோ!"

அண்ணன் கத்துகிறான். ஷெல் கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் தலைக்கு மேல் என்று அர்த்தம். நின்றுவிட்டது. அம்மாவை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் விழுகிறேன். மண் கொட்டுகிறது. எழும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை. 1987. யாழ்ப்பாணம்.

அன்றைக்கு நாலு பேரும் தப்பினோம். அம்மா, அண்ணன், தங்கை, நான்.

மூன்றாம் நாள், ஆயுதம் வைத்திருந்த எங்கள் ஆட்களே அண்ணனைக் கூட்டிப்போனார்கள். ஆமிக்கு, அதுதான் ராணுவத்துக்கு, உளவு சொன்னான் என்றார்கள். சந்திக் கம்பத்தில் கட்டிச் சுட்டார்கள். இரண்டு வெடி. எண்ணினேன். கழுத்தில் அட்டை தொங்கியது. உளவாளி. செத்தவீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. தங்கைக்குப் பேசியிருந்த கல்யாணம் நின்றது. இந்தியாவுக்குப் படகேறினோம்.

1993. சென்னைக்குப் பக்கத்தில், காட்டுப்பாக்கத்தில் வாடகை வீடு. பூந்தமல்லி அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். மிச்ச நேரத்தில் ஒரு புத்தகம். உளவாளி என்று கொல்லப்பட்டவர்களைப் பற்றி. அகதிகளைத் தேடிப்போய்க் கேட்கிறேன், அண்ணன் பேரைக் கொடுத்தது யார் என்றும். பலர் கதவைச் சாத்துகிறார்கள். அலுத்துவிட்டது.

வீட்டுக்கார அம்மாதான் சொன்னார். "இன்னா தம்பி, எப்பப் பாரு எழுதிகினே கீறே. கரையான்சாவடில ரேடியோ ரிப்பேர் பண்றவரு ஒத்தரு கீறாரு. உங்க சிலோன் பேச்சுதான். அவராண்ட கேட்டுப் பாரேன்."

போனேன். சிவம். எங்கள் ஊர். அண்ணனோடு படித்தவர். என்னைக் கண்டதும் கையிலிருந்த ரேடியோவைக் கீழே வைத்தார். நான் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"ஆமிக்குச் சொன்னது நான்தான். இயக்கப் பொடியள் என்னைப் பிடிச்சு அடிச்சாங்கள். ஆர் சொன்னது எண்டு கேட்டாங்கள். உன்ர அண்ணன்ர பேரைச் சொல்லிப்போட்டன்."

வெளியே பஸ் ஹார்ன். நீளமாக. ஆறு வருடமாகத் தேடிய ஆள். கண்டால் அடிப்பேன் என்று இருந்தேன். கை எழவில்லை.

"ஆமிக்கு ஏன் சொன்னனீங்கள்?"

"என்ர தம்பியைப் பிடிச்சு வைச்சிருந்தாங்கள். சொன்னா விடுறம் எண்டாங்கள்."

"விட்டாங்களோ?"

இல்லை என்று தலையாட்டினார். "எழுது. என்ர பேரையும் போடு."

எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்தேன். அம்மா அழவில்லை. இன்னொருக்கா வாசி என்றார். வாசித்தேன்.

எங்களுக்கு இல்லாமல் போனது: அண்ணன், வயது இருபத்தாறு. ஒரு வீடு. தங்கையின் கல்யாணம். செத்தவீட்டுக்கு வராத ஊர். சிவத்துக்கு: தம்பி, வயது பத்தொன்பது. அவனையும் அதே பக்கத்தில் எழுதினேன்.

செத்தது இரண்டு பேர்: அண்ணனும் சிவத்தின் தம்பியும். இரண்டு பேரும் உளவாளிகள் இல்லை.