இருபதாவது பிள்ளை

— தாடையை ஆட்டாதீங்க சார். புது பிளேடு.

— ஆட்டல தம்பி, பேசுறேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, புரியுதா?

— எனக்குப் புரியுது சார். பிளேடுக்குப் புரியாது.

— அப்போ கன்னத்துப் பக்கம் போங்க, நான் சொல்லி முடிச்சுடறேன். எங்க கவர்மென்ட் பள்ளிக்கூடத்துல இப்ப பத்தொம்பது பிள்ளைங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கு அனுப்பணும். இருபது இல்லேன்னா இழுத்து மூடிடுவாங்க. அத்தனை பிள்ளைங்களும் மூணு மைல் நடக்கணும்.

— அதுக்குத் தலைமையாசிரியர் நீங்களே வாசல் வாசலா அலையணுமா?

— காலையிலேர்ந்து பதினோரு வீடு. பதினோரு வீட்டுலயும் தண்ணி குடுத்தாங்க, பிள்ளையைத்தான் குடுக்கல. எங்க டீச்சரம்மா எடுத்த பட்டியல்ல உங்க கதவு நம்பருக்கு நேரா ‘பெண் குழந்தை, வயசு அஞ்சு’ன்னு இருக்கு. அதான் வந்து நாற்காலில உக்காந்துட்டேன். தாடியும் முளைச்சிருந்துச்சு.

— டீச்சரம்மா எழுதினா சும்மாவா எழுதுவாங்க! தப்பா நினைக்காதீங்க சார், ஒண்ணு கேக்கட்டுமா?

— கேளுங்க.

— எதிர்ல அந்த அஞ்சு மாடி பிரைவேட் பள்ளிக்கூடத்துல நீச்சல் குளம் இருக்காமே?

— இருக்கு.

— உங்க பள்ளிக்கூடத்துல?

— ஒரு குழாய் இருக்கு.

— தண்ணி வருமா?

— எழுதிப் போட்டிருக்கோம்.

— எப்போ?

— மூணு வருஷம் ஆச்சு.

— சும்மா கேட்டேன் சார். தலையை இப்படி சாய்ங்க.

— குழாய் ஏன் வரல, சொல்லட்டுமா? கேக்க ஆள் இல்ல. முன்னெல்லாம் டாக்டர் பொண்ணு, வக்கீல் பையன், காய்கறிக் கடைக்காரர் பிள்ளை எல்லாரும் ஒரே பெஞ்சு. குழாய் நின்னா வக்கீல் அன்னைக்கே ஆபீஸ் வாசல்ல நிப்பார். அவர் பையனுக்காக வந்த தண்ணியை ஊரே குடிச்சுது. இப்போ சத்தம் போடத் தெரிஞ்ச அப்பாக்கள் எல்லாம் எதிர்ப் பக்கம். வாயில்லாப் பூச்சிங்க மட்டும் இந்தப் பக்கம். ஓட்டப் பந்தயம்னா எல்லாரும் ஒரே கோட்டுலேர்ந்து கிளம்பணும். சில பேரைப் பாதி வழியில கார்ல இறக்கி விட்டுட்டு, ‘ஓடுங்க பாப்போம், யாரு கெட்டிக்காரன்’னா, அது பந்தயமா? புரியுதா?

— மேடை போட்டுப் பேசலாம் சார் நீங்க! உதட்டை உள்ள மடிங்க. உங்களுக்குப் பிள்ளைங்க?

— ம்ம்.

— ரெண்டா?

— ம்ஹும். ஒரே பொண்ணு. ஒண்ணாங் கிளாஸ்.

— அந்தப் பத்தொம்பதுல ஒண்ணா?

— ம்ம்ம்ம்.

— உதட்டை முடிச்சாச்சு சார். வாயைத் திறக்கலாம்.

— அது வந்து... எதிர்ல படிக்குது.

— நீச்சல் குளத்துலயா?

— என் வீட்டுக்காரி பிடிவாதம் தம்பி. நான் சொன்னா கேக்க மாட்டா.

— பாப்பா நீந்துமா?

— தவளை மாதிரி! சிரிக்காதீங்க, கை ஆடுது.

— தப்பா நினைக்காதீங்க சார். ஓட்டல்காரரே வீட்டுலேர்ந்து சாப்பாடு கட்டிட்டு வந்தா, அந்த ஓட்டல்ல எவன் இலை போட்டு உக்காருவான்? முதல்ல உங்க பொண்ணை நீங்க சேர்த்து விடுங்க. அப்புறம் மாட்டேன்னு சொல்ல யாருக்கு வாய் வரும்? உங்க போனைக் குடுங்க, வீட்டம்மா பேரு எதுன்னு காட்டுங்க. நான் ஸ்பீக்கர்ல போட்டுப் பிடிக்கிறேன், உங்க முகமெல்லாம் நுரை.

— வேண்டாம் தம்பி... சரி, அந்தப் பேரு இல்ல, அதுக்கு மேல. அதான்.

— என்னங்க? சாப்பிட வரலையா?

— சலூன்ல இருக்கேன். வந்து... பாப்பாவை நம்ம பள்ளிக்கூடத்துக்கு மாத்தலாமான்னு ஒரு பேச்சு. நீதான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லிட்டிருந்தேன்.

— யாரு, நானா? ‘உங்க பள்ளிக்கூடம் வீட்டுலேர்ந்து நாலு எட்டு, அங்கேயே போடுங்க’ன்னு போன வருஷம் தலைபாடா அடிச்சுக்கிட்டவ நானு! ‘அந்த வறண்ட குழாய்ல என் பொண்ணு வாய் வைக்கணுமா’ன்னு குதிச்சது யாரு?

— இந்தா, ஸ்பீக்கர்ல இருக்கு...

— நல்லா இருக்கட்டும்! யாருங்க அங்க சிரிக்கிறது?

— நாந்தாம்மா, சலூன்காரன். வணக்கம்.

— வணக்கம் தம்பி. மீசையைப் பாதி எடுத்து வீட்டுக்கு அனுப்பி விடுங்க.

— பாப்பா இங்க வர சம்மதிக்குமாம்மா?

— அவளா? ‘ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் அப்பாகிட்ட படிக்குது, நான் மட்டும் ஏன் படிக்கக் கூடாது’ன்னு தினமும் கேக்குறா. அவர்தான் பேச்சை மாத்துவார். அடுப்புல பால், வைக்கிறேன்.

— வெச்சுட்டாங்க சார்.

— ம்.

— கண்ணுல நுரை பட்டுடுச்சா?

— இல்ல தம்பி. அந்தக் குழாயில தண்ணி வராதுன்னு தெரிஞ்சுதானே என் பொண்ணை அங்க விட்டேன். பத்தொம்பது பேரை இங்க விட்டுட்டுப் போற அப்பா அம்மாவுக்கும் அது தெரியும். அவங்களுக்குப் போக வேற இடமில்ல. எனக்கு இருந்துச்சு.

— விடுங்க சார். மனுஷன்னா அப்படித்தான்.

— விட மாட்டேன். அந்தப் பையைக் குடுங்க. அதுல ரெண்டு ஃபாரம் இருக்கும்.

— சார், இன்னும் ஒரு கன்னம் பாக்கி!

— ஒரு கன்னத்தோடயே எழுதலாம். மாணவி பேரு... வயசு ஆறு... தகப்பனார் தொழில், தலைமையாசிரியர். கையெழுத்து. ஆச்சு! நாளைக்குக் காலையில ஆபீஸ் வாசல்ல போய் நிக்கிறேன். தலைமையாசிரியரா இல்ல, ஒண்ணாங் கிளாஸ் பொண்ணோட அப்பனா. எப்படிக் குழாய் வராதுன்னு பாக்கிறேன்.

— இருபது ஆச்சு சார்! பள்ளிக்கூடம் பொழைச்சுது!

— இருபதோட ஏன் நிக்கணும்? இந்தாங்க, ரெண்டாவது ஃபாரம். வாக்கு வாக்கா இருக்கணும், புரியுதா? சொல்லுங்க, பொண்ணு பேரு என்ன?

— தப்பா நினைக்காதீங்க சார்.

— என்ன தம்பி?

— பட்டியல்ல இருக்கிற குழந்தை மாடியில குடியிருந்தவங்களோடது. போன மாசமே காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க. உங்க பத்தொம்பதுல ஒருத்தி எங்க அக்கா மக சார். அவ மூணு மைல் நடப்பாளேன்னுதான், நீங்க உங்க பொண்ணைச் சேர்க்கிற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தேன்.

— அப்போ உங்க பொண்ணு?

— எனக்கு இப்பத்தான் சார் பொண்ணே பாத்துக்கிட்டிருக்காங்க, கல்யாணத்துக்கு!