காலண்டருக்குப் பின்னால் இருந்த வெடிப்பு

எங்கே நான் எல்லோர் நேரத்தையும் தின்றுவிடுவேனோ என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அன்புத் தலைவர் திருச்செல்வம் ஐயா அவர்களே! கண்டி மாநகரின் கனிந்த தமிழ்ச் சான்றோரே! திகனயிலிருந்து திரண்டு வந்த சகோதரர்களே! ஹந்தானை மலையிறங்கி வந்து முன்வரிசைக் கதிரைகளை நிறைத்திருக்கும் என் தாய்மாரே! நாவலப்பிட்டி கிருஷாந்தியின் நெஞ்சு நிறைந்த, நிம்மதி நிறைந்த வணக்கம்!

“தொலைக்காட்சியின் சுயாதீன ஆவணப்பட இயக்குநர்” என்று என்னை அறிமுகம் செய்தார்கள். அழகான பட்டம்! ஆனால் பொருள் என்ன? எந்த நிலையத்திலும் எனக்கொரு கதிரை இல்லை. படம் எடுத்தால்தான் சோறு. எடுத்த படம் ஒளிபரப்பானால்தான் குழம்பு! எங்கள் தெருவில் இன்றும் கேட்கிறார்கள்: “டிவியில வேலைங்கிற, ஒரு நாளாவது ஒன் மொகத்த காணோமே புள்ள?”

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள்! சென்ற ஆண்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஹந்தானைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான ஒரு லயத்தின் சுவர்கள் வெடித்துக் கிடந்தன. மலை நகர்கிறது, மழைக்கு முன் எங்களை வேறிடம் மாற்றுங்கள் என்று அந்தக் குடும்பங்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயின. டிவியில் வந்தாலாவது பார்ப்பார்கள் என்று என்னை அழைத்தார்கள். தயாரிப்பாளர் அரூஸ் நானா வெள்ளிக்கிழமை ஒளிபரப்புக்கு இடம் பிடித்துத் தந்தார். கமராவோடு மலையேறினேன். என்ன கண்டேன்? வெடிப்பைக் கண்டேனா? இல்லை! வெள்ளையடித்த சுவரைக் கண்டேன்! வெடிப்பில் களிமண் அப்பி, சுண்ணாம்பு அடித்து, காலண்டர் மாட்டி, கல்யாணச் சேலை கட்டி நிற்கிறார் அந்த வீட்டு ஜெயராணி அக்கா!

“என்னக்கா இது?”

“நாடே பாக்கப்போகுது தங்கச்சி. ஒடஞ்ச வீட்டையா காட்டுறது?”

போனில் அரூஸ் நானா கொதித்தார். “வெடிப்பே இல்லாம என்னத்தக் காட்டுற? அந்தச் சனம் பொய் சொல்லுதுன்னுதான் பேசுவாங்க!”

மலைக்கு மேலே மேகம் கறுத்திருந்தது. அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் வாசலில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தார்.

“மானம் பெருசா, புள்ளைக பெருசா? தூக்கு கமராவ!”

காலண்டரைக் கழற்றினார்! ஈரமண்ணைப் பிடுங்கினார்! சுவருக்குள் முழங்கை வரை கையை விட்டார்! பூசிய கைகளே பெயர்த்த கைகளாக, அயல்வீட்டுப் பெண்களும் தங்கள் சுவர்களைத் திறந்து காட்டினார்கள். நிலையத்தில் ஒருவர், பூச்சைப் பெயர்க்கும் காட்சியை வெட்டிவிட்டுச் சோக இசை போடச் சொன்னார். “ஒரு துண்டும் வெட்ட ஏலாது” என்று அரூஸ் நானா நின்றார், வென்றார்.

படம் டிவியில் போனது. அதிகாரிகள் வந்தார்கள். குடும்பங்கள் பாடசாலை மண்டபத்துக்கு இறங்கின. அதன்பின் வந்தது ஐப்பசி மழை! லயம் முழுதும் மண்ணோடு சரிந்தது. உள்ளே எத்தனை பேர்? கேளுங்கள் என்னை! ஒருவருமில்லை! ஒரு கோழிக்குஞ்சுகூட இல்லை! சேதி கேட்டதும் அப்பாடா என்று நடுவீட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தப் படத்துக்காக நீங்கள் போர்த்திய இந்தப் பொன்னாடை எனக்கா? அக்கா, எழுந்து நில்லுங்கள்! கூச்சப்படுகிறார், கைதட்டுங்கள்! சற்று முன் வாசலில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா?

“புது வீட்டுக்கு வெள்ளையடிச்சிட்டோம். வந்து படம் புடி தங்கச்சி.”

வருகிறேன் அக்கா. இந்த முறை காலண்டர் சுவரிலேயே இருக்கட்டும்.

பொறுத்துக் கேட்ட சபைக்கும், இன்னும் கடிகாரம் பார்க்கும் தலைவருக்கும் நன்றி! வணக்கம்!